நேயரைத் தேடிப் போன ஆய்வும் நம் வகுப்பறைகளும்

1956-ஆம் ஆண்டு, அன்றைய பம்பாய் மாநிலத்தில் புனேயைச் சுற்றிய ஐந்து மாவட்டங்களில் 150 கிராமங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். வாரத்தில் இரண்டு மாலைகள் ஒவ்வொரு ஊரிலும் பன்னிரண்டு முதல் இருபது பேர் வரை ஒரு வானொலிப் பெட்டியின் முன்னால் கூடினார்கள். அரை மணி நேர நிகழ்ச்சி. பயிர், கால்நடை, சுகாதாரம், ஊர்ப் பொதுக்காரியம் என்று ஒவ்வொரு நாளும் ஒரு பொருள். நிகழ்ச்சி முடிந்த பிறகுதான் அசல் வேலை ஆரம்பிக்கும். கேட்டது நம் ஊருக்குச் சரிப்படுமா, படாதா என்று அவர்கள் பேச வேண்டும். பேசி ஒரு முடிவுக்கு வர வேண்டும். புரியாததையும் உடன்படாததையும் எழுதிப் புனே வானொலி நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். அடுத்தடுத்த நிகழ்ச்சிகளில் நிலையம் பதில் சொல்லும். பத்து வாரங்களில் இப்படி 20 நிகழ்ச்சிகள் நடந்தன.

கனடாவின் விவசாயிகளிடையே ஏற்கெனவே நடந்துவந்த வானொலி மன்ற முறை இது. அதை யுனெஸ்கோ உதவியோடு இங்கே கொண்டுவந்ததில் அப்போதைய அகில இந்திய வானொலியின் தலைமை இயக்குநர் ஜகதீஷ் சந்திர மாத்தூருக்குப் பெரும் பங்குண்டு. இவர் ‘கோணார்க்’ நாடகத்தை எழுதிய இந்தி நாடகாசிரியரும்கூட. ஆனால் நான் இதை இங்கே சொல்வது வானொலி நிலையம் செய்த காரியத்துக்காக அல்ல. நிலையத்தின் பின்னாலேயே ஒரு கல்வி நிறுவனம் அந்த ஊர்களுக்குள் போனது. பம்பாயின் டாடா சமூக அறிவியல் கழகத்தைச் சேர்ந்தவர்கள் மன்றங்களில் ஓர் ஓரமாக உட்கார்ந்து, யார் பேசினார், யார் பேசவில்லை, சண்டை எதில் வந்தது, முடிவு எப்படி எட்டியது என்று குறித்துக்கொண்டார்கள். நிகழ்ச்சிகள் தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் ஊர்க்காரர்களை நேரில் கண்டு கேள்விகள் கேட்டார்கள். ஒப்பிட்டுப் பார்க்க மன்றம் இல்லாத ஊர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். அவற்றில் சில ஊர்களில் வானொலிப் பெட்டி இருந்தது, சிலவற்றில் இல்லை.

கிடைத்த விடை தெளிவானது. மன்றம் வைத்துப் பேசிய ஊர்களில் மக்கள் அறிந்துகொண்டது வெகுவாக உயர்ந்திருந்தது. பெட்டி இருந்தும் மன்றம் இல்லாத ஊர்களில் சொல்லும்படியான உயர்வு இல்லை. பெட்டியே இல்லாத ஊர்களைவிட அவை அதிகம் முன்னேறிவிடவில்லை. மன்றம் நன்றாக நடந்த சில இடங்களில் அது ஊர்க்காரியங்களை முடிவுசெய்யும் சபையாகவே ஆகிக்கொண்டிருந்தது. ஒலிபரப்பு மட்டும் ஓர் ஊரை மாற்றுவதில்லை, அதைக் கேட்டவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதுதான் மாற்றுகிறது என்பதற்கு இது கச்சிதமான சான்று. மாத்தூரும் ஆய்வை நடத்திய பால் நியூராத்தும் சேர்ந்து எழுதிய அறிக்கையை 1959-இல் யுனெஸ்கோ வெளியிட்டது.

வானொலியையும் தொலைக்காட்சியையும் பல்கலைக்கழகத்தில் படிப்பது என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் முதலில் காட்டுவது இந்தப் பத்து வாரங்களைத்தான். நிகழ்ச்சி தயாரிக்க ஒரு நிலையம் போதும். அது கேட்பவரிடம் என்ன ஆனது என்பதைப் பொறுமையாக, பாரபட்சமின்றி, லாபநோக்கமின்றித் தேடிப் பார்க்க ஒரு பல்கலைக்கழகம் வேண்டும். இந்தத் துறை பிறந்ததே அந்தத் தேடலில்தான். தமிழ்நாட்டில் நாம் அதைத் தயாரிப்புப் பயிற்சியாகச் சுருக்கிக்கொண்டுவிட்டோம் என்பதே இந்தக் கட்டுரையின் கவலை.

புனேயில் ஆய்வை நடத்திய நியூராத் யார் என்பதிலிருந்தே இத்துறையின் பிறப்பைச் சொல்லிவிடலாம். வியன்னாவில் பிறந்தவர். தத்துவவாதி ஓட்டோ நியூராத்தின் மகன். நாஜிகளின் டாக்காவ், பூகன்வால்ட் முகாம்களில் அடைபட்டு உயிர் தப்பியவர். அமெரிக்கா போய், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அந்த முகாம்களின் சமூக வாழ்க்கையையே ஆய்வேடாக எழுதினார். அங்கே அவர் சேர்ந்து பணியாற்றியது இன்னொரு வியன்னா அகதியான பால் லாசர்ஸ்ஃபெல்ட்டோடு.

லாசர்ஸ்ஃபெல்ட் கணிதம் படித்தவர். 1930-களின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவின் மாரியன்தால் என்ற ஆலை ஊரில், ஆலை மூடப்பட்டு வேலையிழந்த குடும்பங்களின் அன்றாடத்தை மாரி யஹோதா, ஹான்ஸ் சைசல் ஆகியோருடன் சேர்ந்து ஆராய்ந்தார். நேரம் நிறையக் கிடைத்தும் ஊர் நூலகத்தில் இரவல் குறைந்தது என்பது அவர்கள் கண்டவற்றில் ஒன்று. அதே காலத்தில் வியன்னா வானொலி நிறுவனத்துக்காக நேயர்களின் விருப்பங்களைக் கேட்டு ஒரு வினாத்தாள் விடுத்தார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பூர்த்திசெய்து அனுப்பினார்கள். அவருடைய வட்டத்தைச் சேர்ந்த ஹெர்ட்டா ஹெர்சாக் இன்னொரு வகையான சோதனை செய்தார். முகம் தெரியாத சிலரை ஒரே உரையை வானொலியில் வாசிக்கச்செய்து, இந்தக் குரலுக்குரியவர் எப்படிப்பட்டவர், என்ன வயது, என்ன தொழில் என்று நேயர்களிடம் கேட்டார். குரலை மட்டும் வைத்து மனிதர்கள் ஓர் ஆளையே கட்டி எழுப்பிவிடுகிறார்கள் என்பதை ஆயிரக்கணக்கான நேயர்களின் பதில்கள் காட்டின. இன்றைக்கும் எந்த அறிவிப்பாளர் பயிற்சியிலும் முதல் பாடமாக வைக்கத் தகுந்த சோதனை அது.

1937-இல் ராக்கஃபெல்லர் அறக்கட்டளை இரண்டாண்டுகளுக்கு 67,000 டாலர் கொடுத்து பிரின்ஸ்டன் வானொலி ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கியது. பிரின்ஸ்டன் உளவியலாளர் ஹேட்லி காண்ட்ரிலும், சிபிஎஸ் வானொலி நிறுவனத்திலிருந்து ஃபிராங்க் ஸ்டாண்டனும் துணை இயக்குநர்கள். இயக்குநராக லாசர்ஸ்ஃபெல்ட். வேலை பெரும்பாலும் நடந்தது நியூவர்க் நகரில், கைவிடப்பட்ட ஒரு மதுவடிப்பாலைக் கட்டடத்தில். அடுத்த ஆண்டு அக்டோபர் 30 அன்று ஆர்சன் வெல்ஸ் செவ்வாய்க் கிரகவாசிகள் படையெடுக்கும் நாடகத்தை ஒலிபரப்பினார். உண்மைச் செய்தி என்று நம்பிப் பலர் அஞ்சினார்கள். பத்திரிகைகள் அந்தப் பீதியை ஊதிப் பெருக்கின என்று பிற்கால ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆனால் காண்ட்ரில், ஹெர்சாக், ஹேஸல் காடெட் மூவரும் கேட்ட கேள்வி எத்தனை பேர் ஓடினார்கள் என்பதோடு நிற்கவில்லை. ஒரே நாடகத்தைக் கேட்டவர்களில் சிலர் மட்டும் வேறு நிலையத்தைத் திருப்பிச் சரிபார்த்ததும், வேறு சிலர் சரிபார்க்கத் தோன்றாமல் இருந்ததும் எதனால் என்று கேட்டார்கள். 135 பேரை நேரில் கண்டு பேசினார்கள். படிப்பு, மதப்பிடிப்பு, அந்நேரத்து வாழ்க்கைக் கவலைகள், யார் சொல்லிக் கேட்க ஆரம்பித்தார் என்பது எல்லாம் அந்த விடையில் வந்தன. 1940-இல் வெளியான அவர்களின் நூலை, வாட்ஸ்அப் வதந்தி ஒவ்வொன்றும் பரவும்போது நாம் திறந்துபார்க்க வேண்டியிருக்கிறது.

ஹெர்சாக்கின் அடுத்த ஆய்வை இன்னும் முக்கியமானதாகக் கருதுகிறேன். அமெரிக்க வானொலியில் பகல்நேரத் தொடர் நாடகங்களைக் கேட்கும் இல்லத்தரசிகளைப் படித்தவர்கள் ஏளனம் செய்த காலம். அவர் நியூயார்க் பகுதியில் சுமார் நூறு பெண்களிடம் போய், ஏன் கேட்கிறீர்கள் என்று கேட்டார். சிலருக்கு அழுது ஆற்றிக்கொள்ள ஓர் இடம். சிலருக்குத் தம் சலிப்பான நாளை வேறொருத்தியின் வாழ்க்கையால் நிரப்பிக்கொள்ளும் வழி. இன்னும் சிலருக்கோ கணவனிடம், பிள்ளையிடம், மாமியாரிடம் எப்படி நடந்துகொள்வது என்ற யோசனை. நம் வீடுகளில் மாலை ஆறு மணிக்குமேல் ஓடும் சீரியல்களைப் பற்றி 1941-ஆம் ஆண்டின் அந்தக் கட்டுரை சொல்வதைவிட மரியாதையாகவும் கூர்மையாகவும் எத்தனை தமிழ்க் கட்டுரைகள் சொல்லியிருக்கின்றன? சீரியலைக் கண்டிக்க நம்மிடம் ஆள் அதிகம். பார்ப்பவரிடம் உட்கார்ந்து கேட்க ஆள் குறைவு.

பிரின்ஸ்டன் திட்டத்துக்குள்ளேயே பெரிய சண்டை ஒன்றும் இருந்தது. இசைப் பகுதியைப் பார்த்துக்கொள்ள 1938-இல் வந்துசேர்ந்த ஜெர்மானியத் தத்துவவாதி தியோடர் அடோர்னோவுக்கு அங்கே கண்டது எதுவும் பிடிக்கவில்லை. லாசர்ஸ்ஃபெல்ட்டும் ஸ்டாண்டனும் ஒரு கருவி வைத்திருந்தார்கள். நிகழ்ச்சியைக் கேட்கும்போதே பிடித்தால் பச்சைப் பொத்தான், பிடிக்காவிட்டால் சிவப்புப் பொத்தான் அழுத்தலாம். நகரும் தாளில் கோடுகள் விழும். பண்பாட்டை அளக்கச் சொல்கிறார்கள், அளக்கத் துடிக்கும் மனதுக்கு எட்டாமல் இருப்பதுதான் பண்பாடு என்ற பொருள்பட அடோர்னோ பின்னாளில் எழுதினார். நேயரின் விருப்பமே வானொலி முதலாளிகளால் உருவாக்கப்பட்டது என்றால், அந்த விருப்பத்தை எண்ணிக் கொண்டுவருவது யாருக்கு உதவும் என்பது அவர் வாதம். இசைப் பகுதிக்கு நிதி நின்றது. 1941-இல் லாசர்ஸ்ஃபெல்ட் எழுதிய கட்டுரையில், நிறுவனத்துக்குப் பயன்படும் ஆய்வு, நிறுவனத்தையே கேள்வி கேட்கும் ஆய்வு என்று இரண்டாகப் பிரித்து, இரண்டும் வேண்டும் என்றார். இன்றுவரை இத்துறை இந்த இரு கால்களில்தான் நடக்கிறது. அடோர்னோவின் கேள்வி சரியானது என்றே நினைக்கிறேன். ஆனால் நேயரிடம் போகாமலே நேயரைப் பற்றித் தீர்ப்பெழுதியது அவருடைய பலவீனம்.

அந்தப் பொத்தான் கருவியிலிருந்து இன்னொரு நல்லதும் பிறந்தது. 1941 நவம்பரில் ஒரு மாலை, இரவு விருந்துக்கு அழைத்திருந்த சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டனை லாசர்ஸ்ஃபெல்ட் நேரே வானொலிச் சோதனைக் கூடத்துக்கு அழைத்துப்போனார். பொத்தான் அழுத்தியவர்களிடம் கேள்வி கேட்பவர் தப்பும் தவறுமாகக் கேட்பதைக் கண்ட மெர்ட்டன் சீட்டு எழுதி எழுதிக் கொடுத்தார். பிறகு அவரையே கேட்கச் சொன்னார்கள். இன்று சோப்பு விற்பவர் முதல் கட்சி நடத்துபவர் வரை பயன்படுத்தும் குழு நேர்காணல் முறையின் வேர் அங்கே இருக்கிறது. அதே மெர்ட்டன், 1943 செப்டம்பரில் பாடகி கேட் ஸ்மித் ஒரே நாளில் 18 மணி நேரம் விட்டுவிட்டு வானொலியில் பேசி 3.9 கோடி டாலருக்குப் போர்க்காலக் கடன் பத்திரங்கள் விற்றதை ஆராய்ந்தார். நூறு நேயர்களிடம் நீண்டநேரம் பேசினார். அவர்களை அசைத்தது வாதமோ புள்ளிவிவரமோ அல்ல. அவள் தன் உடலை வருத்திக்கொண்டு பேசுகிறாள், அதனால் பொய் சொல்ல மாட்டாள் என்ற நம்பிக்கை. ஏமாற்றுப் பேச்சுகளுக்கு நடுவில் வாழ்பவர்கள் உண்மையான ஒரு குரலுக்கு ஏங்கிக்கிடக்கிறார்கள், அந்த ஏக்கத்தையும் விற்பனைக்குப் பயன்படுத்த முடியும் என்று மெர்ட்டன் எழுதினார்.

இனி நம் ஊருக்கு வருவோம்.

புனேச் சோதனையின் வெற்றியைக் கண்டு 1959 முதல் வானொலி மன்றங்கள் நாடெங்கும் தொடங்கப்பட்டன. திருச்சி வானொலி 1966-இல் வேளாண் ஒலிபரப்புப் பிரிவைத் தொடங்கி, ஆடுதுறையில் உருவான ஏடிடி 27 நெல்லைப் பற்றித் தஞ்சை விவசாயிகளிடம் விடாமல் பேசியது. அந்த நெல்லை அவர்கள் ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தார்கள். நேயர்கள் ஒரு பயிருக்கே வானொலியின் பெயரை வைத்த நிகழ்வு இது.

பிறகு வந்தது சைட் என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட செயற்கைக்கோள் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை. 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை, அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளைக் கடன் வாங்கி, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு நேரடியாக நிகழ்ச்சிகள் அனுப்பினார்கள். விக்ரம் சாராபாய் கண்ட கனவு அது. அவர் மறைந்த பிறகு, யஷ்பால் தலைமையிலான அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையம் நிறைவேற்றியது. கோழிக்கூண்டு வலையில் செய்த மூன்று மீட்டர் கிண்ண ஆண்டெனாக்கள். கொழும்பில் இருந்த எழுத்தாளர் ஆர்தர் கிளார்க்கின் வீட்டிலும் இந்தியப் பொறியாளர்கள் ஒன்றைப் பொருத்தினார்கள். இலங்கையில் அப்போது தொலைக்காட்சி நிலையமே கிடையாது.

சைட்டின் பொறியியல் சாதனையைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அதே அளவுக்குப் போற்ற வேண்டியது அதன் சமூக ஆய்வு. மானிடவியல் படித்த இளைஞர்கள் தேர்ந்தெடுத்த கிராமங்களில் பெட்டி வருமுன்பே போய்க் குடியிருந்தார்கள். பெட்டி யார் வீட்டருகே வைக்கப்பட்டது, எந்தச் சாதியார் எங்கே உட்கார்ந்தார்கள், புதுமை தீர்ந்தபின் கூட்டம் எப்படிக் குறைந்தது, பெண்கள் எப்போது வந்தார்கள் என்று மாதக்கணக்கில் கவனித்தார்கள். பினோத் அகர்வால் வழிநடத்திய இந்த ஆய்வும், உடன் நடந்த பெரிய கணக்கெடுப்பும் சேர்ந்து ஒரு முக்கியமான செய்தி சொல்லின. எழுத்தறிவில்லாதவர்களும் பெண்களும் தொலைக்காட்சியிலிருந்து கற்றுக்கொண்டது மற்றவர்களைவிடக் குறைவில்லை, சில பொருள்களில் அதிகம். அடுத்து குஜராத்தின் கேடா மாவட்டத்தில், பீஜ் என்ற ஊரில் இருந்த சிறு ஒளிபரப்பியை வைத்து இதே குழு இன்னும் ஒரு படி மேலே போனது. நிகழ்ச்சி எழுதும் முன்பே ஆய்வாளர் கிராமத்துக்குப் போய்வர வேண்டும் என்று விதி வைத்தார்கள். 1984-இல் யுனெஸ்கோ அதற்குக் கிராமியத் தொடர்புக்கான பரிசளித்தது.

ஆறு மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை. நமக்குத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னை நிலையத்தோடு வேறு வழியில் வந்தது. கேள்வி கேட்பவர்களின் அந்தப் பரம்பரையும் நம்மிடம் வேர்விடாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

பல்கலைக்கழகங்கள் தொலைக்காட்சியோடு பெரிய அளவில் கைகோத்தது 1984 ஆகஸ்ட் 15-இல். பல்கலைக்கழக மானியக் குழுவின் நாடு தழுவிய வகுப்பறை இன்சாட் செயற்கைக்கோள் வழியாகத் தூர்தர்ஷனில் தொடங்கியது. நிகழ்ச்சிகள் தயாரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஊடக மையங்கள் அமைத்தார்கள். நம் பங்குக்கு அண்ணா பல்கலைக்கழகத்திலும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் அமைந்தன. நல்ல படங்கள் வந்தன. ஆனால் மொழி பெரும்பாலும் ஆங்கிலம், நேரமோ மாணவர்கள் கல்லூரியில் இருக்கும் பகல்வேளை. சிற்றூர்க் கல்லூரியில் படிக்கும் பிள்ளைக்காகத் தொடங்கிய திட்டம் அந்தப் பிள்ளையின் மொழியையும் பொழுதையும் கேட்டுவிட்டுத் தொடங்கவில்லை. கேடாவின் விதியை இங்கேயும் வைத்திருந்தால் இந்தக் குறை முதல் மாதமே தெரிந்திருக்கும்.

வானொலியில் கதை கொஞ்சம் மகிழ்ச்சியானது. அலைவரிசைகள் பொதுச்சொத்து என்று 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசோ தனியாரோ அவற்றைத் தனியுரிமை கொண்டாட முடியாது என்பது அதன் சாரம். அந்தத் தீர்ப்பு சமுதாய வானொலி கேட்டுப் போராடியவர்களுக்கு ஊன்றுகோலானது. 2002 இறுதியில் மத்திய அரசு கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் அனுமதி தந்தது. 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்எம், நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலியாக ஒலிக்கத் தொடங்கியது. அதை உருவாக்கிய ஆர். ஸ்ரீதர் அகில இந்திய வானொலி அனுபவம் உள்ளவர். வளாகத்தைச் சுற்றியிருந்த எளிய குடியிருப்புகளின் பெண்களையும் ஒலிவாங்கிக்கு முன்னால் கொண்டுவந்தார். 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் உரிமம் திறந்துவிடப்பட்டது. கதிர்வீச்சுத் திறன் 100 வாட், கோபுர உயரம் 30 மீட்டர் என்று எல்லை வைத்தார்கள். நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூரிலேயே தயாரானதாக இருக்க வேண்டும். சொந்தமாகச் செய்தி ஒலிபரப்ப அனுமதி இல்லை.

கடைசி விதி வருத்தம் தருவது. இதழியல் படிக்கும் மாணவர் தன் கல்லூரி வானொலியில் தன் தெருவில் குடிநீர் வராததைச் செய்தியாகச் சொல்ல முடியாது என்பது படிப்பின் நடுவிலேயே ஒரு தடுப்புச் சுவர் எழுப்புவது போன்றது. ஆனாலும் இந்தச் சின்ன நிலையங்களுக்கு வேறெந்த ஊடகத்துக்கும் இல்லாத ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஒலி எட்டும் வட்டம் பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான். கேட்பவர் எல்லாரும் பேருந்தில் போய்ச் சந்திக்கும் தூரத்தில் இருக்கிறார்கள். லாசர்ஸ்ஃபெல்ட்டுக்கு இப்படி ஓர் ஆய்வுக்களம் கிடைத்திருந்தால் விட்டிருக்க மாட்டார். வளாக வானொலி வைத்திருக்கும் கல்லூரிகள் ஒலிக்கூடத்தைப் பார்வையாளருக்குப் பெருமையோடு காட்டுகின்றன. அதே பெருமையோடு நேயர் ஆய்வேடுகளின் அலமாரியையும் காட்ட வேண்டும்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் இதழியல் 1947 முதல் இருக்கிறது. லயோலா கல்லூரி காட்டிய வழியில் காட்சித் தொடர்பியல், அதாவது எல்லாரும் சொல்லும் விஸ்காம், இன்று சிறு நகரங்கள் வரை பரவிவிட்டது. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. சினிமாவும் தொலைக்காட்சியும் உறவும் சிபாரிசும் உள்ளவர்களுக்கே திறந்த கதவாக இருந்த காலத்தில், குடும்பத்தின் முதல் பட்டதாரியான ஒரு பையனோ பெண்ணோ கேமராவையும் எடிட்டிங்கையும் கற்று உள்ளே போக வழிசெய்தது இந்தப் படிப்பு. அது சமூக நீதியின் பகுதி. ஆனால் இன்று கேமரா எல்லார் சட்டைப்பையிலும் இருக்கிறது. எடிட்டிங்கை இலவசக் காணொளிகளைப் பார்த்தே பதினைந்து வயதுப் பிள்ளைகள் கற்றுவிடுகிறார்கள். மூன்று வருடம் கட்டணம் வாங்கும் ஒரு துறை, வெளியே கிடைக்காத எதைக் கொடுக்கப்போகிறது?

கோட்பாடு ஒரு தாளாக இருக்கத்தான் செய்கிறது. இரண்டு படி ஓட்டம், பயன்களும் நிறைவுகளும் என்று குறிப்புகளாக, நெட் தேர்வுக்கு மனப்பாடமாக இருக்கிறது. இரண்டு படி ஓட்டம் என்பது 1940 அமெரிக்கத் தேர்தலின்போது ஒஹையோவின் ஈரி மாவட்டத்தில் வீடு வீடாகத் திரும்பத் திரும்பப் போய்க் கண்டது என்பதையும், ஊடகச் செய்தி பலருக்கு நேராக வராமல் அக்கம்பக்கத்தில் மதிப்புள்ள ஒருவர் வழியாகவே வருகிறது என்பது அதன் பொருள் என்பதையும் சொல்லிக்கொடுத்தால் மாணவர் கண்ணில் வெளிச்சம் வரும். டீக்கடையில் ஒருவர் தினத்தந்தியை உரக்க வாசிக்க, சுற்றி இருப்பவர்கள் கேட்டு வாதாடிய ஊர் நம்முடையது. அந்தக் கோட்பாட்டை அமெரிக்காவிலிருந்து மனப்பாடம் செய்ய வேண்டிய நிலையில் நாம் இல்லை. சோதித்துத் திருத்தித் திருப்பி அனுப்பக்கூடிய இடத்தில் இருக்கிறோம்.

இங்கிலாந்தில் அப்படித்தான் நடந்தது. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் பண்பாட்டு ஆய்வு மையத்தில் ஸ்டூவர்ட் ஹால் 1973-இல், ஒளிபரப்பியவர் வைத்த பொருளைப் பார்ப்பவர் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை, பேரம்பேசி எடுக்கலாம், எதிர்த்தும் எடுக்கலாம் என்று எழுதினார். டேவிட் மார்லி பிபிசியின் ‘நேஷன்வைட்’ நிகழ்ச்சியை 29 குழுக்களுக்குப் போட்டுக்காட்டி அதைச் சோதித்தார். வங்கி மேலாளர்களும் தொழிற்சங்கத்தாரும் கறுப்பின மாணவர்களும் ஒரே நிகழ்ச்சியில் வேறு வேறு நிகழ்ச்சிகளைக் கண்டார்கள். இந்தியாவில் பூர்ணிமா மங்கேகர் டெல்லியின் கீழ்நடுத்தர வீடுகளில் பெண்களோடு உட்கார்ந்து தூர்தர்ஷன் பார்த்து எழுதிய நூல் 1999-இல் வந்தது. தமிழர்களின் திரைப்பட ரசனையைப் பற்றி மதுரையில் தங்கி சாரா டிக்கி எழுதியது 1993-இல். எம்ஜிஆரின் திரைப் பிம்பத்தைப் பற்றி எம்.எஸ்.எஸ். பாண்டியன் எழுதியது 1992-இல். சினிமாவுக்கு இத்தகைய நூல்கள் உண்டு. சின்னத்திரைக்கு இவற்றோடு சேர்த்து வைக்க எந்த நூல் நம் நினைவுக்கு வருகிறது?

களமில்லை என்று சொல்ல முடியாது. 1993-இல் சன் டிவி தொடங்கியது முதல் நம் மாலைப்பொழுதே மாறியது. 2006 முதல் தமிழ்நாட்டு அரசு ஒரு கோடிக்கும் மேற்பட்ட வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை இலவசமாக வழங்கியது. 2,400 பெட்டிகளுக்காக சைட்டில் ஓர் ஆய்வுப் படையே கிராமங்களில் குடியிருந்தது. ஒரு கோடிப் பெட்டிகள் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஏழை வீடுகளுக்குள் போனபோது, பெட்டி வருமுன் ஒருமுறை, வந்தபின் ஒருமுறை என்று ஊருக்கு ஊர் போயிருக்க வேண்டியவை நம் பல்கலைக்கழகத் துறைகள். அந்தத் திட்டத்தைப் பற்றி அரசியல் மேடையில் கேட்ட பேச்சு ஏராளம். பெட்டி முன்னால் உட்கார்ந்தவர்களைப் பற்றிய அறிவு நம் பொதுப் பேச்சில் எங்கேயும் இல்லை. 2001 முதல் 2003 வரை தமிழ்நாடு உட்பட ஐந்து இடங்களில் எடுத்த தரவுகளை வைத்து, கேபிள் வந்த ஊர்களில் மனைவியை அடிப்பது தவறு என்று கருதும் பெண்கள் கூடினார்கள், ஆண் குழந்தை விருப்பம் குறைந்தது என்று ராபர்ட் ஜென்சனும் எமிலி ஓஸ்டரும் 2009-இல் எழுதினார்கள். அதே தரவுகளை மறுபடி எடுத்துப் பார்த்தவர்கள் சில முடிவுகளைக் கேள்வி கேட்டார்கள். இந்த விவாதம் நம்மைப் பற்றியது. அதில் பேசியவர்கள் வெளிநாட்டுப் பொருளியலாளர்கள்.

இந்த இடைவெளியை நிரப்பியிருப்பது டிஆர்பி. சில பத்தாயிரம் வீடுகளில் மீட்டர் வைத்து எந்தச் சேனல் ஓடியது என்று எண்ணும் முறை அது. விளம்பரதாரருக்கு அது தேவை. ஆனால் 2020-இல் அந்த எண்களிலேயே மோசடி நடந்ததாக மும்பை போலீஸ் வழக்குப் பதிய, செய்திச் சேனல்களுக்கான மதிப்பீடு சிலகாலம் நிறுத்திவைக்கப்பட்டது. மோசடி இல்லாவிட்டாலும் மீட்டருக்குத் தெரிவது பெட்டி ஓடியது மட்டுமே. பார்த்தவர் என்ன புரிந்துகொண்டார், எதை நம்பினார், எதற்குக் கோபப்பட்டார், அதை யாரிடம் சொன்னார் என்பதெல்லாம் மனிதர் மனிதரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை.

எனக்கு அவசரமாகப் படும் வேலை ஒன்று உண்டு. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைத் தமிழ்நாட்டில் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறை இருந்தது. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்கள் கடல் தாண்டி வந்து இங்கே வீட்டுக் குரல்களாயின. முகம் தெரியாத குரலுக்கு நேயர் எப்படி ஓர் ஆளைக் கட்டுகிறார் என்று ஹெர்சாக் கேட்ட கேள்விக்கு இதைவிட வளமான களம் கிடையாது. வேறொரு நாட்டின் வானொலி, ஒரே மொழி, நடுவில் கடல், பிறகு போர். அன்று கேட்டவர்களுக்கு இன்று வயது அறுபதும் எழுபதும் எண்பதும். அவர்களிடம் போய்ப் பேசிப் பதிவுசெய்ய ஒலிவாங்கியும் பொறுமையும் போதும். பத்து வருடம் கழித்துப் போனால் பேச ஆள் இருக்க மாட்டார்கள்.

ஆகவே துறைத் தலைவர்களிடம் ஒரு வேண்டுகோள். விஸ்காம், இதழியல் துறைகளில் இறுதியாண்டில் குறும்படம் எடுக்கச் சொல்கிறீர்கள். அதோடு, ஒரு தெருவில் அல்லது ஒரு கிராமத்தில் குறைந்தது இருபது வீடுகளில் உட்கார்ந்து கேட்டு எழுதிய நேயர் ஆய்வு ஒன்றையும் கட்டாயமாக்குங்கள். அதைத் தமிழில் எழுத அனுமதியுங்கள். நூலகத்தில் பூட்டிவைக்காமல் அச்சிடுங்கள். வாசகரிடம் ஒரு வேண்டுகோள். கையில் குறிப்பேட்டோடு ஒரு மாணவி உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, நேற்று இரவு என்ன பார்த்தீர்கள், ஏன் பார்த்தீர்கள் என்று கேட்டால், உள்ளே அழைத்து உட்காரவைத்துப் பதில் சொல்லுங்கள்.